தொலைவும் பொழுதும்

வழியின் தொலைவைக் கேட்டால், அதனைக் கடக்கும் பொழுதைச் சொல்லி விடையளிப்பது நெடுங்கால வழக்கம். “அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு?” என்று வழிப்போக்கன் ஒருவன் வினவினால், “வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம்” என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் மறுமொழி கூறுவார். கோல் கொண்டு அளந்த கணக்கு அவரிடம் இல்லை. ஆயினும் கேட்டவனுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. நடப்பவன் அறிய விரும்புவது நிலத்தின் நீளத்தை அன்று. எப்பொழுது சென்று சேரலாம் என்பதையே. தமிழில் ‘நாழிகை வழி’ என்றே ஒரு நீட்டலளவை இருந்தது. காலத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் இம்முறை, விமானங்கள் பறக்கும் இந்நாளிலும் மாறவில்லை. வெளிநாடு செல்வோர் “எத்தனை கிலோமீட்டர்?” என்று கேட்பதில்லை; “எத்தனை மணி நேரம்?” என்றே கேட்கின்றனர்.

தொலைவு மாறாதது, பொழுதோ மாறுவது. இவ்வுண்மையை விளக்குதற்கு இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனும், ஆஸ்திரேலியாவின் பெருநகராகிய சிட்னியும் மிகப் பொருத்தமான சான்றுகளாகும். ஒன்று உலகின் வடபாதியில் உள்ளது. மற்றொன்று தென்பாதியில் உள்ளது. ஓரிடத்தில் வேனில் என்றால் மற்றோரிடத்தில் குளிர். ஓரிடத்தில் நண்பகல் என்றால் மற்றோரிடத்தில் இரவு. இரண்டுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய தொலைவு ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். நிலவுலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஆதலின், உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,000 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருத்தல் இயலாது. இவ்விரு நகரங்களும் அந்த எல்லையை நெருங்கி நிற்பவை எனலாம்.

தட்டையான உலகப் படத்தில் இவ்விரு நகரங்களையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால், அக்கோடு அரேபியா வழியாகவும் இந்தியப் பெருங்கடல் வழியாகவும் செல்லும். அதுவே குறுக்கு வழி என்று தோன்றும். ஆனால் உலகம் தட்டையானதன்று. உலக உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை இலண்டனிலும் மறு முனையைச் சிட்னியிலும் வைத்து இறுக இழுத்தால் உண்மை விளங்கும். அந்நூல் உருசியா, கசகசுத்தான், சீனம், இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றின் மேலாகச் செல்லும். படத்தில் வளைந்து தோன்றும் அவ்வழியே உருண்டையில் மிகக் குறுகிய வழி. எனினும் விமானங்கள் எப்பொழுதும் அந்நூலின் வழியே சென்றுவிட இயலாது. வானத்துக்கும் எல்லைகள் உண்டு. போரினாலோ பகையினாலோ ஒரு நாட்டின் வானம் அடைக்கப்படுமாயின், விமானம் சுற்றிச் செல்ல நேரிடும்.

இத்தொலைவை மனிதர் முதன்முதல் கடந்த வரலாறு துன்பம் நிறைந்தது. 1787-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், 11 கப்பல்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அவற்றில் சென்றோருள் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்ட கைதிகள். சிறு பொருளைத் திருடியதற்காகத் தண்டனை பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். அட்லாண்டிக் கடலைக் கடந்து தென் அமெரிக்காவிலுள்ள இரியோ நகரை அடைந்து, மீண்டும் கிழக்கே திரும்பி, ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தொட்டு, 1788-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவர்கள் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையை அடைந்தனர். எட்டு மாதங்களுக்கு மேல் கடல் அவர்களை அலைக்கழித்தது. அவர்கள் இறங்கிய நிலம் ஆளற்ற நிலமன்று; பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்துவந்த தாயகம். வந்தவர்களால் அம்மக்கள் அடைந்த இன்னல்கள் தனியே எழுதப்பட வேண்டியவை.

சென்று சேர்ந்தபின்னும் தொலைவு அவர்களை விடவில்லை. கொண்டுசென்ற உணவு நாளுக்கு நாள் குறைந்தது. விதைத்த பயிர் விளையவில்லை. ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்ட உணவின் அளவு மேலும் மேலும் சுருக்கப்பட்டது. உணவுப் பொருள்களை ஏற்றிவந்த ‘கார்டியன்’ என்னும் கப்பல், 1789-ஆம் ஆண்டின் இறுதியில் பனிமலை ஒன்றில் மோதிச் சிதைந்தது. அச்செய்தியை அறிவதற்கும் அவர்களுக்கு வழியில்லை. குன்றின் மேல் கொடிமரம் நட்டு, கடலையே நோக்கிக் காத்திருந்தனர். 1790-ஆம் ஆண்டு சூன் மாதத்தில்தான் இங்கிலாந்திலிருந்து அடுத்த கப்பல் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தாய்நாட்டிலிருந்து ஒரு மடலும் பெறாதிருந்தவர்கள் அக்கப்பல் கொணர்ந்த மடல்களைக் கண்டு கண்ணீர் பெருக்கினர். 17,000 கிலோமீட்டர் என்பது அவர்களுக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை. அது பசியாக இருந்தது, பிரிவாக இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை சிறிது சிறிதாக மாறியது. விரைந்து செல்லும் பாய்மரக் கப்பல்களும், பின்னர் நீராவிக் கப்பல்களும் தோன்றின. 1869-ஆம் ஆண்டில் சூயெசுக் கால்வாய் திறக்கப்பட்டது. மாதக் கணக்கு வாரக் கணக்காயிற்று. 1872-ஆம் ஆண்டில் தந்திக் கம்பி ஆஸ்திரேலியாவை இலண்டனோடு இணைத்தது. உடல் கடக்க இயலாத விரைவில் சொல் கடந்தது. ஆயினும் மகனைக் காண விரும்பும் தாய்க்குத் தந்தி போதுமா? அவள் அவ்வழியைக் கடக்க வேண்டுமாயின், பல வாரங்கள் கடலில் கழித்தே ஆகவேண்டும்.

மனிதன் வானில் பறக்கக் கற்று 16 ஆண்டுகளே ஆகியிருந்த 1919-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலிய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாள்களுக்குள் விமானத்தில் வந்து சேரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன் பரிசு என்பதே அது. பலர் அதனை வீண் கனவு என்று எண்ணினர். வழியில் விமானம் இறங்குவதற்குரிய திடல்கள் பல இடங்களில் இல்லை. வானிலை அறிவிப்போர் இல்லை. வானொலித் துணையும் இல்லை. அந்நிலையிலும் ஆறு குழுவினர் முன்வந்தனர்.

அவர்களுள் ஒரு குழுவினர் ராஸ் ஸ்மித், அவருடைய தமையனார் கீத் ஸ்மித், இயந்திரப் பணியாளர்களாகிய பென்னட், ஷையர்ஸ் ஆகிய நால்வர். 1919-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் காலையில், ‘விக்கர்ஸ் விமி’ என்னும் விமானத்தில் அவர்கள் இலண்டனுக்கு அருகிலுள்ள ஹௌன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். அது மரச்சட்டங்களின் மேல் துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானம். மேற்கூரை இல்லாத அதில் அமர்ந்து சென்றவர்களின் முகத்தில் பனிக்காற்று நேரே வந்து அறைந்தது. பிரான்சு நாட்டின் மேல் பறந்தபோது, கண்ணாடிகளில் பனி படிந்தது. கொண்டுவந்த உணவும் கல்லாக உறைந்தது. கல்கத்தாவிலிருந்து கிளம்பும்போது பருந்து ஒன்று சுழலியில் வந்து மோதியது. அதில் விமானம் தப்பியது அருமையே. சயாம் நாட்டில் பெருமழை வழிமறித்தது. நாள்தோறும் பறந்து களைத்த பின்னரும் பணியாளர் இருவரும் உறங்கச் செல்லவில்லை. நெடுநேரம் விழித்திருந்து இயந்திரங்களைத் துடைத்துச் சீர்செய்தனர்.

பயணத்தின் இறுதிப் பகுதியில் சாவாத் தீவின் சுராபாயா நகரில் விமானம் இறங்கியது. மேலே உலர்ந்து தோன்றிய அத்திடலின் அடியில் சேறு நிறைந்திருந்தது. சக்கரங்கள் புதைந்தன. எத்துணை முயன்றும் விமானம் ஓடிக் கிளம்ப இயலவில்லை. எஞ்சிய நாள்களோ சில. அப்பொழுது அவ்வூர் மக்கள் துணைநின்றனர். வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து சேற்றின் மேல் பரப்பினர். பாயோடு பாய் சேர்த்து ஒரு நீண்ட பாதையே அமைந்துவிட்டது. அப்பாய்களின் மேல் ஓடி விமானம் விண்ணில் எழுந்தது. டிசம்பர் 10-ஆம் நாள் அது ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரை அடைந்தது. 28 நாள்களுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர் கடந்தாயிற்று. வானில் பறந்த நேரம் மட்டும் 135 மணி. பரிசுத் தொகையை நால்வரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர்.

வென்றவரை உலகம் புகழ்ந்தது. தம் வீட்டுப் பாயை எடுத்துவந்து சேற்றில் விரித்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்குப் பரிசில் பங்கில்லை. இலண்டன் எங்கே உள்ளது என்பதும் அவர்களுள் பலர்க்குத் தெரிந்திராது. எனினும் அப்பாய்கள் இல்லையேல் அப்பயணம் 30 நாள்களுக்குள் முடிந்திருக்குமா என்பது ஐயமே. பெருஞ்செயல்கள் பலவற்றுள் இத்தகைய பாய்கள் மறைந்து கிடக்கின்றன.

அதே போட்டியில் உயிரை இழந்தவர்களையும் மறத்தலாகாது. நவம்பர் 13-ஆம் நாள் புறப்பட்ட டக்ளஸ், ராஸ் என்னும் இருவர், கிளம்பிய சில நிமிடங்களிலேயே விமானம் வீழ்ந்து மாண்டனர். ஹவல், பிரேசர் என்னும் இருவர் கிரேக்க நாட்டின் கார்பூத் தீவருகே கடலில் வீழ்ந்து இறந்தனர். வெற்றி பெற்ற ராஸ் ஸ்மித்தும் நெடுநாள் வாழவில்லை. 1922-ஆம் ஆண்டில் புதிய விமானம் ஒன்றைச் சோதித்துப் பறந்தபோது, அவரும் அவருடைய தோழர் பென்னட்டும் உயிர் துறந்தனர். இன்று பயணச்சீட்டில் அச்சிடப்படும் மணிக்கணக்கின் பின்னே இத்தகையோரின் வாழ்நாள்களும் அடங்கியுள்ளன.

அவர்கள் திறந்த வழியில் வேறு சிலரும் துணிந்து சென்றனர். 1928-ஆம் ஆண்டில் பெர்ட் ஹிங்க்லர் என்பவர் தனியொருவராகப் பறந்து, 16 நாள்களுக்குள் டார்வினை அடைந்தார். 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏமி ஜான்சன் என்னும் 26 அகவை நங்கை, சிறிய பழைய விமானம் ஒன்றில் இலண்டனிலிருந்து தனியே புறப்பட்டார். அவர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சுப் பணி செய்தவர்; விமானம் ஓட்டும் உரிமம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. அதற்குமுன் இங்கிலாந்தை விட்டு அவர் பறந்ததில்லை. ஆனால் இயந்திரத்தைப் பிரித்துச் சேர்க்கும் கலையைப் பட்டறையில் நின்று முறையாகக் கற்றிருந்தார். வழியில் ஜான்சியில் இறங்கும்போது விமானத்தின் சிறகு சேதமுற்றது. மணற்புயலிலும் பெருமழையிலும் அவர் அலைக்கழிந்தார். ஆயினும் 20 நாள்களுக்குள் ஆஸ்திரேலியாவை அடைந்தார். பெண்ணால் இயலாது என்று கூறியோர் பின்னர் அவரை வரவேற்கத் திரண்டனர்.

1935-ஆம் ஆண்டில், பணம் செலுத்திப் பயணம் செய்வோருக்கும் இவ்வழி திறந்தது. பிரிஸ்பேன் நகரிலிருந்து இலண்டனுக்குப் பன்னிரண்டரை நாள்கள். இரவில் விமானம் பறக்காது. பயணிகள் விடுதிகளில் தங்குவர். ஐரோப்பாவில் ஒரு பகுதியைப் புகைவண்டியிலேயே கடக்க வேண்டியிருந்தது. 1938-ஆம் ஆண்டில் நீரில் இறங்கும் பெரிய பறக்கும் படகுகள் வந்து, காலத்தை மேலும் குறைத்தன.

பின்னர்ப் போர் மூண்டது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையேயிருந்த வான்வழி அறுந்தது. அறுந்த வழியை இணைக்க 1943-ஆம் ஆண்டில் ஒரு துணிவான முயற்சி தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் மேல்கரையிலுள்ள பெர்த் நகருக்கும், இலங்கையில் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே, ‘கேட்டலைனா’ என்னும் பறக்கும் படகுகள் இடையில் எங்கும் நில்லாமல் பறந்தன. 5,600 கிலோமீட்டர் பெருங்கடல். கீழே இறங்குவதற்கு ஒரு திட்டும் கிடையாது. எரிபொருளின் சுமை மிகுதியாதலின், மூன்று பயணிகளுக்கே இடம். பகைவர் அறியாதிருக்க வானொலியும் வாய்மூடியிருந்தது. விண்மீன்களே வழிகாட்டிகள். ஒவ்வொரு பயணமும் 27 மணி முதல் 33 மணி வரை நீடித்தது. ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் கண்டனர். ஆகவே அப்பயணங்கள் ‘இரட்டை உதயம்’ என்று பெயர் பெற்றன. 1945-ஆம் ஆண்டு வரை 271 முறை அக்கடலைக் கடந்தும், ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

போர் முடிந்தபின் 1947-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாள், 29 பயணிகளுடன் ‘கான்ஸ்டலேஷன்’ விமானம் ஒன்று சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்பொலி என ஆறிடங்களில் அது நின்றது. நான்கு நாள்களில் பயணம் முடிந்தது. 1959-ஆம் ஆண்டில் ஜெட் விமானங்கள் இவ்வழியில் வந்தபின், நாள்களால் எண்ணிய பயணத்தை மணிகளால் எண்ணலாயினர்.

இன்று இவ்வழியில் செல்லும் பெரிய விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். 17,000-ஐ 900-ஆல் வகுத்தால், 19 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். ஆயின் சிங்கப்பூர், துபாய் போன்ற ஓரிடத்தில் நின்று செல்லும் பயணிக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது. கணக்குக்கும் நடைமுறைக்கும் இடையே இவ்வேறுபாடு ஏன்? இடைநிறுத்தம் ஒரு காரணம். சுற்றுவழி மற்றொரு காரணம். காற்று மூன்றாவது காரணம். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங்காற்று ஆறுபோல் ஓடுகிறது. கிழக்கே செல்லும் விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே வரும் விமானத்தை எதிர்த்து நிற்கும். ஆகவே ஒரே வழியில் போவதற்கும் வருவதற்கும் பொழுது வேறுபடுகிறது.

நில்லாமல் செல்வதில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. நெடுந்தொலைவு பறக்க மிகுந்த எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருளின் எடையைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். நீண்ட வழிச் செல்பவன் கட்டுச்சோற்றை மிகுதியாகச் சுமந்தால், அச்சுமையாலேயே பசி மிகுவது போன்றது இது. 1989-ஆம் ஆண்டில் ‘போயிங் 747’ விமானம் ஒன்று, வழக்கமான பயணிகளை ஏற்றாமல், இலண்டனிலிருந்து சிட்னிக்கு நில்லாமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்து காட்டியது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே பயணிகளுடன் நில்லாப் பயணம் தொடங்கியது. 14,500 கிலோமீட்டர் தொலைவுள்ள அவ்வழியைக் கடக்க ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இலண்டனிலிருந்து புறப்பட்ட ஆய்வு விமானம் ஒன்று, 19 மணி 19 நிமிடத்தில் சிட்னியை அடைந்தது. முழுப் பயணிகளோடு இவ்வழியில் நில்லாமல் பறக்கவேண்டும் என்று வகுக்கப்பட்ட திட்டத்துக்கு, 1943-ஆம் ஆண்டின் வீரர்களை நினைவுகூர்ந்து ‘உதயம்’ எனப் பொருள்படும் ‘சன்ரைஸ்’ என்ற பெயரே சூட்டப்பட்டது.

அந்த ஆய்வு விமானத்தில் இயந்திரத்தை மட்டும் ஆராயவில்லை, மனிதரையும் ஆராய்ந்தனர். விமானிகளின் விழிப்பும், பயணிகளின் உறக்கமும், உணவும், உடலசைவும் குறிக்கப்பட்டன. இலண்டனுக்கும் சிட்னிக்கும் கடிகாரத்தில் பொதுவாக 10 மணி வேறுபாடு. பருவத்துக்கேற்ப அது ஒரு மணி கூடும் அல்லது குறையும். விமானம் ஒரு நாளில் கொண்டுசேர்க்கும் இடத்துக்கு உடலின் உறக்கமும் பசியும் சென்று சேரப் பல நாள்கள் ஆகின்றன. இயந்திரத்தின் விரைவுக்கு எல்லை காண்பதற்கு முன்பே, மனித உடலின் எல்லை வந்துவிடுகிறது. வானில் எரியும் எரிபொருளின் புகை நிலவுலகை வெம்மையுறச் செய்கிறது என்பதும் இன்று உணரப்பட்டுள்ளது. விரைவு எதுவும் விலையின்றிக் கிடைப்பதில்லை.

எட்டு மாதம், இருபத்தெட்டு நாள், நான்கு நாள், இருபது மணி என்று பொழுது சுருங்கியுள்ளது. தொலைவோ ஓர் அடியும் குறையவில்லை. உலகம் சிறிதாகிவிட்டது என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. உலகம் சிறிதாகவில்லை, மனிதர் தம் அறிவாலும் உழைப்பாலும் உயிராலும் அதனைக் கடக்கும் வழியைச் செவ்வையாக்கினர். தாயின் நோய் கேட்டு மறுநாளே அவள் படுக்கையருகே சென்று நிற்க ஒரு மகனால் இன்று இயலுமாயின், அது அவர்கள் அளித்த கொடை. அக்கொடையைப் பெற்றும், அடுத்த தெருவில் வாழும் முதியவரைக் காணப் பொழுதில்லை என்பார் உளராயின், அவர்க்கு எந்த விமானமும் தொலைவைக் குறைத்துவிடாது. கடல் கடந்து வந்த அயலார்க்குத் தம் பாயை விரித்த சுராபாயா மக்களுக்கோ, தொலைவு என்ற ஒன்றே இருந்ததில்லை. வழியைக் கடப்பது இயந்திரத்தின் திறன். மனிதரை நெருங்குவது நெஞ்சின் திறன். இரண்டும் ஒருங்கே வளர்வதே உண்மையான முன்னேற்றமாகும்.